கும்பிட்ட கை

1938, ஆனி 29.

காலையிலிருந்து மேல்காற்று. ஜன்னலைத் திறந்தால் மண், சாத்தினால் புழுக்கம். இன்றைய ஒரே வேலை: தபாலில் வந்த நோட்டீஸைத் தமிழில் எழுதுவது. யாரும் கேட்கவில்லை.

பஸ் கம்பெனியின் பொதுக்கூட்ட நோட்டீஸ். அப்பா விட்டுப்போனவை: ஒரு குடை, மூக்குக் கண்ணாடி, இந்தக் கம்பெனியில் சில ஷேர்கள். ஆகவே பி.ஏ., வேலையில்லை, முதலாளி.

நோட்டீஸ் முழுதும் இங்கிலீஷ். ஷேர்காரர்களில் பெரும்பாலோர் கடத்தூர், பென்னாகரம் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள். கடலைக்காய் விற்ற கையோடு ஷேர் வாங்கியவர்கள். அவர்களுக்கு இங்கிலீஷில்.

விஷயம் இது. கம்பெனியை நடத்துகிறவர் மானேஜிங் ஏஜெண்ட் (இனி மா.ஏ.). இதுவரை அவர் ஊதியம் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு. லாபத்தில் அல்ல, வசூலில். ஒப்பந்தம் முடிகிறது, புதிதாகப் போட வேண்டும். புதுக் கம்பெனிச் சட்டம் குறுக்கே நிற்கிறது: இனி லாபத்தில்தான் ஊதியம். வேறு வகையில் தருவதென்றால் ஷேர்காரர்கள் கூட வேண்டும், முக்கால்வாசிப் பேர் சம்மதிக்க வேண்டும். அதற்குத்தான் கூட்டம்.

சென்னையில் பரீட்சைக்காகப் படித்த பகுதி. அப்போது ஒரு பக்கம். இப்போது மச்சான்.

மச்சான் (அக்கா வீட்டுக்காரர். நான் இருப்பது அவர்கள் வீட்டில்) பென்னாகரம் பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் வந்து மண்ணெண்ணெயில் கை கழுவியபடி:

"ஏத்து ஏத்துங்கறாரு மொதலாளி. எங்க ஏத்தறது மாப்ள? என் மடியிலயா?"

ஆனி 31.

பிரேக். மச்சானிடம் கேட்டேன். "மிதிச்சா பாதி நேரம் புடிக்குது. பாதி நேரம் யோசிக்குது."

அக்கா சிரிக்கவில்லை. காக்கிச் சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சொல்லலியா நீங்க, மொதலாளிகிட்ட?"

"சொன்னேன். ஆடி கழியட்டும்னாரு."

பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தினால் அத்தனை நாளும் வசூல் இல்லை. வசூல் இல்லையென்றால் மா.ஏ.வுக்கு ஒன்றுமில்லை. ஆகவே நிற்காது. ஆட்களை அடைத்தால் வசூல் ஏறும். ஆகவே அடைப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியவில்லை. ஊதியம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறார்.

லாபத்தில் ஊதியம் என்றாகிவிட்டால் பிரேக் மாற்றுவாரா? உறுதியில்லை. ஆனால் பஸ் உடைந்தால் அவருடையதும் உடையும். இன்று உடைவது மற்றவர்களுடையது மட்டும்.

அவரைக் கண்காணிக்க டைரக்டர்கள் ஐந்து பேர். அதற்கு பீஸ் உண்டு. இரண்டு பேர் அவர் சம்பந்திகள். ஒருவர் காது கேளாதவர். ஒருவர் பெங்களூரில். தலைவர் மிட்டாதார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வரி வசூலித்த குடும்பம். நல்ல மனிதர். எந்தக் காகிதத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டதாகத் தகவல் இல்லை.

ஆடி 2.

கடத்தூர். சந்தை நாள். போகும்போது பஸ், வரும்போது நடை பாதி, வண்டி பாதி.

சின்னசாமியைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பழக்கம். ஐம்பது வயது இருக்கும். ஷேர் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறார். மூலையில் குங்குமம். தினமும் ஊதுவத்தி அதற்கும் சேர்த்து.

"நீங்கதான் அந்தக் கம்பெனிக்கு முதலாளி" என்றேன்.

வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். "நானா? அப்பறம் எதுக்குங்க தம்பி கண்டக்டர் எங்கிட்ட டிக்கெட்டு கேக்கறான்?"

சந்தையில் இன்னும் சிலரைக் கூட்டி வந்தார். வேப்ப மரத்தடி. வசூல், லாபம், பிரேக். புரிந்தது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம். ஒருவர்: "பால் கறக்கறவனுக்குக் கறந்த பால்ல பங்கு. மாடு செத்தா நமக்கு. அதானுங்க?"

அதுதான்.

"அப்ப நாங்க என்ன பண்ணோணும்?"

"ஒன்றும் செய்ய வேண்டாம். தீர்மானத்தை வாசித்து முடித்ததும் கை தூக்கச் சொல்வார்கள். தூக்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்."

"இது ஒரு வேலயா?" என்றார் சின்னசாமி. "மடியிலயே கெடக்குது கை."

திரும்பும் வழியெல்லாம் லேசான மனம். இதை நம்பக்கூடாது.

ஆடி 5.

மா.ஏ. கூப்பிட்டு அனுப்பினார். ஆபீஸ் அறை. மேஜையில் பஸ் பொம்மை, தகரம்.

"வாங்க தம்பி. கடத்தூர் போயிருந்தீங்களாமா. நடந்தா, நம்ம பஸ்லயா?"

"பஸ்ஸில்தான்."

"சந்தோசம். நான் பஸ்ஸு உடலைன்னா எப்படிப் போயிருப்பீங்க?"

உண்மைதான். அவருக்கு முன்னால் இந்த ரோட்டில் மாட்டு வண்டி. முதல் பஸ்ஸை வாங்க மனைவியின் நகை வைத்தாராம்.

"லாபம்னு ஒண்ணு எப்பங்க வரும், எவன் கண்டான்? டயரு, பெட்ரோலு, போலீசு. கண்ணுல தெரியறது வசூலு ஒண்ணுதான். பாடுபடறவன் கண்ணுல தெரியறதத்தான கேப்பான்?"

"பிரேக்..."

"ஆடி கழியட்டும்." பிறகு, எழுந்து, தோளில் கை. "டைரக்டர் எடம் ஒண்ணு காலியாவுது. படிச்ச பையன் உக்காந்தா கம்பெனிக்கு அழகு. உக்காந்து எந்திரிச்சா பீஸு."

வேண்டாம் என்றேன். குரல் மெலிந்திருந்தது. கடிதங்களில் நான் கம்பீரம்.

ஆடி 9.

கூட்டம். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இடம் பஸ் ஷெட். பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு ஜமக்காளம். ஆயில் வாடை. முன்னால் டைரக்டர்களுக்கு நாற்காலி. நடுவில் மிட்டாதார், வெள்ளைத் தலைப்பாகை, மாலை. காபி. சின்னசாமியும் கடத்தூர்க்காரர்களும் மூன்றாவது வரிசை. உள்ளே வரும்போதே என்னைப் பார்த்து மடியைத் தட்டிக் காட்டினார்.

கணக்கு வாசிப்பு. கொட்டாவிகள். பிறகு தீர்மானம். கம்பெனிக் குமாஸ்தா இங்கிலீஷில் வாசித்தார். நீண்ட வாக்கியம். வாசித்து முடித்தார். கை தூக்கச் சொன்னதும் இங்கிலீஷில். எல்லாக் கைகளும் மடியில். பார்த்தேன். நிச்சயமாகப் பார்த்தேன்.

அப்போது மிட்டாதார் எழுந்தார். கூட்டம் முடிந்ததென்று நினைத்திருக்கலாம். சொல்லித் தந்திருக்கலாம். இரண்டு கைகளையும் கூப்பித் தலைக்கு மேல் தூக்கி, "எல்லாருக்கும் வந்தனமுங்க" என்றார்.

மொத்த ஷெட்டும் எழுந்தது. எல்லோர் கையும் கூப்பித் தலைக்கு மேலே. மிட்டாதார் எழுந்து கும்பிட்டால் உட்கார்ந்திருக்க இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது.

குமாஸ்தா பென்சிலை நீட்டி எண்ணினார். வரிசை வரிசையாக. எண்ணி, "ஏகமனதாக நிறைவேறியது" என்றார். இதை மட்டும் தமிழில்.

"இது ஓட்டு இல்லை. கும்பிடு" என்று கத்தினேன்.

மா.ஏ. சிரிக்கக்கூட இல்லை. மெதுவாக: "தம்பி, உங்க கையும் மேலதானுங்களே இருக்குது?"

பார்த்தேன். மார்புக்கு மேலே, மூக்குக்குக் கீழே. கூப்பியபடி.

சிரிப்பு. கடத்தூர்க்காரர்களும் சிரித்தார்கள், பாவம், எதற்கென்று தெரியாமல்.

சட்டம் நினைவுக்கு வந்தது. ஐந்து பேர் எழுந்து கேட்டால், கையை விட்டுவிட்டு ஷேர் கணக்கில் ஓட்டு எடுக்க வேண்டும். கேட்டேன். "இன்னும் நாலு பேர் யாருங்க?" என்றார் மா.ஏ. மூன்றாவது வரிசையிடம் போனேன். குனிந்து, கெஞ்சி.

சின்னசாமி தலை நிமிரவில்லை. "நான் பஸ்ஸுக்குக் கை தூக்கலீங்க தம்பி. அவருக்குக் கும்பிட்டேன்."

"அதையே எழுந்து சொல்லுங்கள்."

"அவரு மூஞ்சிக்கு நேராவா? கும்பிட்ட கையத் திருப்பி வாங்கிக்கறதா? எங்கப்பன் அவுங்கப்பனுக்குக் கும்பிட்டதுங்க."

ஒருவர் எழுந்தார். மிட்டாதார் திரும்பி, கனிவாக, "என்னப்பா, எதாச்சும் வேணுமா?" என்றார்.

"இல்லீங்க சாமி." உட்கார்ந்துவிட்டார்.

நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பிறகு எல்லோருக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். எனக்கும். வாங்கிக்கொண்டேன்.

ஆடி 10.

காற்று. வேலையில்லை.

சதியா, பழக்கமா? மிட்டாதாருக்குத் தெரியுமா? இரவெல்லாம் இதுவே. சதியென்றால் கோபப்படலாம். பழக்கமென்றால் என் கையும் அதில் உண்டு. யாரும் சொல்லித் தராமல், மூளையைக் கேட்காமல் எழுந்த கை. பல்கலைக்கழகம் தலைக்கு மட்டும் பட்டம் தந்தது.

மச்சான் கேள்விப்பட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார். "மாப்ள, அடுத்த தடவ எல்லாரையும் கைய வூட்டுல வெச்சிட்டு வரச் சொல்லு."

அக்கா எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் ஜாடியில் போட்டுவிட்டாள்.

ஆடி 13.

மேலதிகாரிகளுக்கு மனு எழுதினேன். கம்பெனிகளைப் பதியும் ரிஜிஸ்ட்ரார் சென்னையில். மூன்று தடவை திருத்தம். "கும்பிடு" என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? எழுதிய வாக்கியத்தைப் படித்தால் நான்தான் பைத்தியக்காரன். தபாலில் சேர்த்தேன்.

ஆடி 17.

நாளை பதினெட்டு. ஒகேனக்கலில் ஆற்றுக் குளியலுக்கு ஸ்பெஷல் பஸ். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறக்கம். மச்சான் மா.ஏ.விடம் போய் மாட்டேன் என்றாராம்.

"என்ன சொன்னார்?"

"சரி, வூட்டுல இருன்னாரு. பாலக்கோட்டுல ஒருத்தன் லைசென்ஸ் வெச்சிட்டு நிக்கறான்னாரு. அந்தாளு இந்த எறக்கத்தப் பாத்ததே இல்ல மாப்ள."

"அதனால்?"

"அதனால நானே போறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். படித்தவன் ஏதாவது சொல்வான் என்று. நான் மறுபடி மா.ஏ. வீட்டுக்குப் போனேன். ஊரில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் இருமல்.

ஆடி 18.

மச்சான் விடியுமுன் கிளம்பினார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை இரண்டு எடுத்துக்கொண்டார், வழக்கமாக ஒன்று. கடத்தூர்க்காரர்கள் முதல் நாளே வந்து ஷெட்டில் படுத்திருந்தார்கள். சின்னசாமி குளித்துத் திருநீறு பூசி, புது வேட்டி. கண்டக்டரிடம் சத்தமாக: "மொதலாளிங்க வந்திருக்கறோம்பா. எடம் உடு." எல்லோரும் சிரித்தார்கள். டிக்கெட் வாங்கினார். இடமில்லை. படியில் நின்று, வலது கையை வெளியே விட்டு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இறங்குங்கள் என்று சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னேன். காற்றில் கேட்கவில்லை, அல்லது கேட்டது. கையை ஆட்டினார்.

மத்தியானம் சைக்கிளில் ஒருவன் வந்தான்.

ஆடி 19.

நடந்தது, பலர் சொன்னதைச் சேர்த்து: மூன்றாவது வளைவில் பிரேக் யோசித்தது. பிறகு யோசிப்பதையும் நிறுத்தியது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. மச்சான் பாறைப் பக்கம் ஒடித்தார். தேய்த்துக்கொண்டே போய் நின்றது. யாரும் சாகவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு, பல், முட்டி. பாறைப் பக்கப் படியில் சின்னசாமி.

மச்சானைப் பென்னாகரம் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். "அதிவேகம்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. அக்கா சோறு கொண்டு போனாள். உள்ளே விடவில்லை. திரும்ப வந்து அதே தூக்கில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றினாள். அழவில்லை. "ஒங்க சட்டம் என்னடா சொல்லுது?" என்றாள்.

ஸ்பெஷல் பஸ்ஸின் வசூல் நேற்று மாலையே ஆபீசுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மா.ஏ.வின் பங்கு அதிலும் உண்டு.

ஆடி 21.

ஸ்டேஷன். மச்சான் கம்பிக்குப் பின்னால். முகம் வீங்கியிருக்கிறது, பஸ்ஸினால் அல்ல.

"பெரேக்கு இல்லன்னு தெரிஞ்சு ஏண்டா ஓட்டுனங்கறாங்க. தெரிஞ்சவங்க பேரெல்லாம் சொல்லவான்னேன்." பிறகு: "ஷேர்காரங்க எல்லாம் சம்மதிச்சுதான நடக்குது கம்பெனி, ஏட்டய்யா சொல்றாரு. மீட்டிங்ல ஒருத்தர்கூட எதுக்கலியாம். எழுதியே இருக்குதாம்."



ஆடி 22.

ஆஸ்பத்திரி. மண்ணெண்ணெய் விளக்குப்போல மஞ்சள் வெளிச்சம், பகலிலேயே. சின்னசாமியின் வலது கையை நேற்று முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஜுரம். என்னை அடையாளம் தெரிந்தது.

"உங்க மச்சான் மேல தப்பில்லீங்க தம்பி. கோர்ட்டுல வந்து சொல்றேன்."

சொல்வார். அவர் சொல்வதை நம்புகிறேன். ஆனால் அது யார் எதிரே சொல்ல வேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்தது.

வாசலில் கார் சத்தம். மிட்டாதார். பின்னால் மா.ஏ., பழக்கூடையோடு குமாஸ்தா. மிட்டாதாரின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. கட்டிலருகே வந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பினார்.

சின்னசாமி எழப் பார்த்தார். முடியவில்லை. வலது தோள் அசைந்தது. கட்டு அசைந்தது. பிறகு இடது கையை மட்டும் விரித்தபடி தலைக்கு மேலே தூக்கினார்.

நான் திரும்பிக் குமாஸ்தாவைப் பார்த்தேன். சட்டைப் பையில் பென்சில் இருந்தது.