தொண்ணூத்தொன்பது

என்னங்க,

தோசை ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சட்னி காரமா இருக்கும், வேணும்னுதான் அப்படி அரைச்சேன். எனக்குத் திருவானைக்காவல்ல எக்ஸாம் டியூட்டி, நாலு மணிக்கு வந்துடுவேன். சிலிண்டர் வரும், இருந்து வாங்கி வைங்க.

"மூணு மாசமா கேம்ல மரம் வெட்டி என்னத்தச் சாதிச்சே"ன்னு நேத்து கேட்டீங்களே. காலையில ஆறே முக்காலுக்கு மரம் வெட்டுறதுல தொண்ணூத்தொன்பதாவது லெவல் வந்துடுச்சு. அதே கேம்ல நீங்க ஒரு நாள் மீன் பிடிப்பீங்க, மறுநாள் டிராகன் பின்னாடி ஓடுவீங்க. நான் தினமும் இருநூறு மரம்னு காலண்டர் தாள்ல எழுதி வச்சு வெட்டினேன். இன்னிக்குத் தாளை மட்டும் கிழிச்சுடாதீங்க, எனக்கு வேணும்.

இன்னொண்ணு. கேம்ல நீங்க சேரத் துடிக்கிற அந்தப் பெரிய குழுவுல நான் போன மாசமே சேர்ந்துட்டேன். இன்னிலேர்ந்து புது ஆள் சேர்க்கிற பொறுப்பு என்கிட்ட. முதல் விண்ணப்பத்தைத் திறந்தா உங்க பேரு.

லின்சி

பி.கு.: ஏன் சேரணும்னு கேட்ட இடத்துல, "மரம் வெட்டுறதுல பொண்டாட்டியை முந்தணும்"னு எழுதியிருக்கீங்க. சரி, சேர்த்துக்கிட்டேன். ஆனா தொண்ணூத்தொன்பதுக்கு மேல லெவலே கிடையாது.