இரண்டையும் விட மாட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே சின்னதாக ஒரு சண்டை, பயப்படாதே. பௌத்தப் பாடம் நடத்த எனக்குப் பயிற்சி தரும் பேராசிரியர், நான் தினமும் தியானத்தில் உட்காருவதைக் கேள்விப்பட்டு, "ஆராயறவங்க விலகி நின்னு பாக்கணும். ஆராய்ச்சியா, தியானமா? ஒண்ணை விட்டுடுங்க" என்றார்.

"மூச்சைக் கவனிக்கச் சொல்ற பாலி மொழி நூலைத்தானே சார் நடத்தச் சொல்றீங்க? நான் கவனிச்சா மட்டும் தப்பா? ரெண்டையும் விட மாட்டேன்" என்றேன்.

முறைத்தார். "அப்போ திங்கட்கிழமை வகுப்பை நீங்களே எடுங்க. உளறினா நிறுத்திடுவேன்."

எடுத்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நிறுத்தவே இல்லை.

விடுதி அறையில் தரை சில்லிடுகிறது. தியானத்துக்கு உட்கார விரித்துக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் அடங்காத மகள்