சாப்பாட்டு ஹாலில் ஒரு படகு

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வரிசைப்படுத்தாமல் எதையும் எழுத எனக்கு வராது. முப்பது வருடம் கல்லூரியில் தர்க்கம் நடத்திய பழக்கம். ஆகவே, இனி எழுதப்போவதன் சுருக்கம்:

1. புயல் போய்விட்டது. போகும்போது அக்காவின் கடற்கரை விடுதியில், கடல் பார்த்த சுவரை இடித்துத் தள்ளி, சாப்பாட்டு ஹாலுக்குள் ஒரு படகை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

2. இருபத்திரண்டாம் தேதி ஓய்வுபெற்ற பல் டாக்டர்கள் பன்னிரண்டு பேர் தங்க வருகிறார்கள். புயலுக்கு முன்பே பதிவு செய்தவர்கள். அவர்களும் முகம் சுளித்துத் திரும்பிப் போனால், விடுதியைப் பக்கத்து மூணு மாடி ஓட்டல்காரருக்கு விற்றுவிடப் போவதாக அக்கா சொல்லிவிட்டாள். பிறகு அக்கா எங்கே போவாள்? நான் எங்கே போவேன்?

3. பழுதுவேலை முழுவதற்கும் நானே பொறுப்பு. அக்காவின் உத்தரவு.

4. இங்கே என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனவே மூன்றாவதால் ஒரு பயனும் இல்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

கொத்தனாரிடம் வேலை வரிசையைச் சொன்னேன். முதலில் சுவர், அடுத்து கூரை, அடுத்து ஜன்னல், கடைசியில் உள்ளே கிடக்கும் சாமான்களை அப்புறப்படுத்துவது. சுவர் இல்லாமல் கூரை எங்கே நிற்கும்? அப்பழுக்கில்லாத வரிசை.

கொத்தனார் காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். எதுவும் எழுதவில்லை. திரும்பச் செருகிக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, திங்கள்

சுவர் இடுப்பளவுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

படகும் உள்ளே கிடக்கும் சாமான்தானே? அதைக் கடைசியில் அல்லவா போட்டிருக்கிறேன்! அது வந்த வழியே இந்த ஓட்டைதான். சமையலறைக் கதவு வழியாக நான் போவதற்கே உடம்பைத் திருப்ப வேண்டும்.

ஓடினேன். அதாவது, என் வேகத்தில்.

"கொத்தனாரே, இந்தச் சுவர்..."

"நேரா இருக்கா சார்?"

"நேராகத்தான் இருக்கிறது."

"ரொம்ப சந்தோஷம் சார். நாளைக்கு முடிச்சுடலாம்."

தொண்டையைச் செருமினேன். சித்தாள் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்னை என்ன செய்தால் தகும்?

ஆகஸ்ட் 11, செவ்வாய்

சுவர் முடிந்தது. மிக நேர்த்தியான சுவர். படகு உள்ளே இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

படகின் சொந்தக்காரரை எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். அவரிடம் இருப்பது அந்த ஒரு படகுதான். அதன் எஞ்சின் பழுதுபார்க்கப் போயிருக்கிறது. காலையில் வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று சமையலறையில் பதுங்கினேன். அவரோ படகில் ஏறி உட்கார்ந்து, "மாஸ்டர், ஒரு டீ" என்றார். சமையல் மாஸ்டர் ஏணி வைத்து டீ கொடுத்தார். குடித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

இதற்கு என்ன அர்த்தம்? ஆள் சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 17, திங்கள்

மூணு மாடிக்காரர் வந்தார். ஹாலுக்குள் எட்டிப் பார்த்தவர் உள்ளே போய்ப் படகை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "இது எப்படிங்க உள்ளே வந்துச்சு?" என்றார்.

"புயல்ல வந்துச்சு" என்றாள் அக்கா.

"சுவர்?"

"சுவர் என் தம்பி."

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். வாசலில் நின்று, "சனிக்கிழமை வரைக்கும் பாருங்க. அப்புறம் கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். அக்கா சாயங்காலம் எல்லா அறைகளையும் தானே பெருக்கினாள். அவள் தானே பெருக்கினால் மனசு சரியில்லை என்று பொருள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்தேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்தேன்.

"அக்கா, அந்தப் படகு..."

"தெரியும்டா. நீ யோசிக்காமலா செஞ்சிருப்பே?"

அக்காவின் குத்தல் எனக்குத் தெரியாதா? அறுபது வருடமாக வாங்குகிறேன். மேலே பேச வாய் வரவில்லை. படகுக்கு மேஜைவிரிப்புப் போட்டு மறைக்க முடியுமா என்று பார்த்தேன். எட்டு விரிப்பு போட்டும் அது படகாகத்தான் தெரிந்தது. பிரேதம் மாதிரி இருக்கிறது என்று மாஸ்டர் எடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, சனி

வந்துவிட்டார்கள்.

வேனிலிருந்து பன்னிரண்டு பேரும் இறங்கி நேராகச் சாப்பாட்டு ஹாலுக்குப் போனார்கள். படகைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். பக்கத்து மாடியில் மூணு மாடிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர்களின் தலைவி குள்ளமான அம்மையார். உருட்டுக்கட்டை போன்ற மணிக்கட்டுகள். படகின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம்:

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"புயலிலிருந்து, டாக்டர்."

"ஆடுதா?"

"ஆடவில்லை."

"முன்னாடியே ஏன் காட்டலை?"

வழுக்கைத்தலை டாக்டர் ஒருவர் குனிந்து பார்த்து, "வலி இல்லைன்னா விட்டுடலாமே" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். எடுக்கணும் என்று ஒன்பது பேர், இருக்கட்டும் என்று இரண்டு பேர். ஒருவர் மட்டும் சுத்தம் பண்ணினால் போதும் என்றார்.

"பார்த்தா தெரியலை? புதைஞ்சு கிடக்கிற ஞானப்பல்" என்றார் தலைவி. "முன்னாடி இருக்கிறதைத் திறக்காம வராது. காலைல வெறும் வயித்துல வெச்சுக்கலாம்."

அறையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. பெட்டிகள் இன்னும் வேனில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கொத்தனார் வந்தார். "என் சுவர் அடுத்த புயலுக்கும் அசையாது. இவங்க பல்லுக்கு அசையணுமாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையை இறக்கினார். ஓட்டை விழுந்தது. காற்றும் வெளிச்சமும் சேர்ந்து உள்ளே வந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

டாக்டர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள்.

"இழுக்காதீங்க! வேர் உடையும்! ஆட்டி ஆட்டி!"

"அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க, தலைவியே."

"நாற்பது வருஷம் பண்ணியிருக்கேன், எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

கேப்டன் படகைவிட மோசமாக ஆடிக்கொண்டிருந்தார். வழுக்கை டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லைப்பா, வாயைத் திறந்து மூச்சு விடு" என்றார். அவரும் திறந்தார்.

ஒரு முனகல். அப்புறம் படகு வழுக்கிக்கொண்டு மணலில் போய் இறங்கியது. கைதட்டினார்கள். தலைவி கேப்டனின் தோளைத் தட்டி, "ரெண்டு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் சாப்பிடாதே" என்றார். மாஸ்டர் டீ நீட்டியபோது அவர் உண்மையாகவே மறுத்துவிட்டார்.

மூணு மாடிக்காரர் சாயங்காலம் கையில் தாளோடு வந்தார். அக்கா வாசற்படியைத் தாண்டவே விடவில்லை. "மன்னிக்கணும், இடம் காலி இல்லைங்க. அடுத்த வருஷமும் இவங்களே வர்றதா சொல்லிட்டாங்க."

ஆகஸ்ட் 26, புதன்

டாக்டர்கள் காலையில் கிளம்பினார்கள். போகிற போக்கில் எங்கள் எல்லோருடைய பல்லையும் பார்த்தார்கள். எனக்கு இரண்டு சொத்தையாம்.

டீ வேளையில் என் மனச்சாட்சி தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, படகு உள்ளே மாட்டியது என் தவறு, வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

கொத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தவறா? வர்றவங்க பார்க்கறதுக்குக் காட்சிப் பொருளா வைக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன்! படிச்சவர் சொன்னா ஏதோ இருக்கும்னுதானே பிசகாம கட்டினேன்."

"எனக்கு எஞ்சின் வர்ற வரைக்கும் திருட்டுப் போயிடக்கூடாதுன்னு சார் பூட்டி வைக்கிறார்னு நினைச்சேன்" என்றார் கேப்டன். "வீட்ல சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனேன், அப்படி ஒரு நல்ல மனுஷன்னு."

மாஸ்டர் மீன் போடும் தொட்டி என்று நினைத்தாராம். மூணு மாடிக்காரர் அதைப் பார்த்துப் பயந்து ஓடட்டும் என்றுதான் நான் செய்ததாக அக்கா இன்றுவரை நம்பியிருக்கிறாள். "யோசிச்சுத்தான் செஞ்சிருப்பேன்னு அன்னைக்கே சொன்னேனேடா!"

அது குத்தல் இல்லையாம்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கொத்தனார் காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்தார். "இப்ப சொல்லுங்க சார். சுவரை எப்ப வைக்கட்டும்?"

ஹாலுக்குள் போய் மூலைமூலையாகப் பார்த்தேன். மேஜைக்கு அடியிலும் பார்த்தேன். நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நாலாம் தேதி எழுதியதில் நான்காவது தவறு. கேட்கிறார்கள். என் பேச்சை அச்சுப் பிசகாமல் கேட்கிறார்கள்.