விருப்ப ஓய்வுப் பாரத்தில் ஒரு காலி இடம்

இன்று காலை கிளினிக்கின் ஸ்டோர் அறையைக் கூட்டிக்கொண்டிருந்த அமுதா ஒரு நீல மழைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மிஸ்ஸி, இது யாரோடது? ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு, குப்பையில போட்டுடவா?" மடிப்பைப் பிரித்ததும் பழைய ரப்பரும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை அடித்தது. கழுத்துப்பட்டையின் உள்பக்கம் உன் பெயரின் முதல் எழுத்து. தாதிகளான நாம் இருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கப் போன நாட்களில் நீ போட்டுக்கொண்டது. "காயப் போடு, நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

நேற்று செரம்பானில் ஒரு காரியம் செய்துவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் சொல்லாதவரை அது முடிந்த மாதிரியே தோன்றவில்லை.

உனக்கு ஐம்பது முடிந்த வாரம் நினைவிருக்கிறதா? கிளினிக்கின் பின்பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "பாரம் போட்டுட்டேன்" என்றாய். என்ன பாரம் என்று கேட்டதற்கு, "விருப்ப ஓய்வு விண்ணப்பம்" என்றாய். பிஸ்கட்டை நனைப்பதைக்கூட நீ நிறுத்தவில்லை.

"பைத்தியமாடி ஒனக்கு? இன்னும் பத்து வருஷம் இருக்கு. கடைசிச் சம்பளத்த வச்சுத்தானே பென்ஷன் போடுவாங்க, கொறஞ்சு போகும்லா!"

"கொறயும். கேட்டுட்டுத்தான் போட்டேன்."

காரணத்தைப் பிறகுதான் சொன்னாய். ஒரு பெருமழை நாளில், பாலம் முங்கிப்போய் ஆஸ்பத்திரி வண்டி வர முடியாமல், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே நீ பிரசவம் பார்த்த பெண் குழந்தை. அவளுடைய பிறப்பை யாரும் பதியவில்லை. தகப்பன் எங்கோ போய்விட்டான், தாய் சீக்கிரமே செத்துப்போனாள், சித்திதான் வளர்த்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை. பிறந்ததை நேரில் பார்த்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

"அதுக்கு வேலைய விடணுமா? லீவு எடுத்துப் போ."

"லீவெல்லாம் முடிஞ்சு போச்சு புள்ள. ஒரு தடவை போனா முழு நாளும் போயிடுது. அவ ஒருத்தி மட்டும் இல்ல, அவளோட சேத்து அந்தத் தோட்டத்துலயே நாலு பேரு இருக்காங்க."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. உன் பென்ஷன் குறைவதற்காகக் கத்துகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். நிஜத்தில், நீ இல்லாத கிளினிக்கில் தனியாக உட்கார எனக்குப் பயம். உன் பிரிவு விருந்துக்கு வந்து மீஹூனைச் சாப்பிட்டுவிட்டு, உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினேன். இரண்டு மாதம் உன் போனை எடுக்கவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அப்புறம் ஒரு பயிற்சிக்காகச் செரம்பான் போனபோது, மகன் கேட்டிருந்த ஒரு பத்திரத்துக்காகப் பதிவு அலுவலகத்தில் நுழைந்தேன். மூன்றாவது கவுண்டரில் நீ நின்றுகொண்டிருந்தாய். வேலையை விட்ட பிறகும் காலில் அதே வெள்ளைச் சப்பாத்து. பக்கத்தில் ஒல்லியாக அந்தப் பெண். அதிகாரி ஏதோ கேட்க, நீ மலாயில் சொன்ன பதில் கதவருகே நின்ற எனக்குக் கேட்டது: "இவள் பிறந்தபோது கையை நீட்டி வாங்கியவள் நான். அழ நேரமானது, முதுகைத் தட்டி அழ வைத்ததும் நான்தான். வேறு என்ன தெரியவேண்டும், கேளுங்கள்."

நான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ திரும்பிப் பார்த்து, "பசிக்குது, சாப்பாடு வாங்கிக் குடு" என்றாய். நம் சண்டை அதோடு முடிந்தது.

அவளுக்கு அட்டை வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. வாங்கிக்கொண்டு நேராகக் கிளினிக்குக்கு ஓடி வந்தாள். நான் உனக்குப் போன் போட்டேன். நீ வந்து, கண்ணாடி இல்லாமல் அட்டையைக் கை எட்டும் தூரத்தில் பிடித்து வாசித்தாய். "எழுத்துப் பிழை இல்ல" என்றாய். அதற்கப்புறம்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாய். மற்ற மூவரில் இருவருக்கும் உன் காலத்திலேயே கிடைத்துவிட்டது. கடைசி ஆளுக்காக இப்போது அவளேதான் அலைகிறாள்.

போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மனசு கேட்காமல், "சீக்கிரம் வேலைய விட்டுட்டோமேன்னு எப்பவாச்சும் நெனச்சியா?" என்று கேட்டேன். "ஏழு வருஷமா பென்ஷன் வாங்குனேன்டி. எல்லாம் மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தியே ஓட்டிட்டேன். ஜாலியாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது.

உன் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்ல வேளை, அவ அப்பவே ஓய்வு எடுத்துட்டா, நீயும் காலத்தோட வந்துடு" என்றார்கள். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து ஓய்ந்த என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அம்பாங்கானில் இருக்கும் மகன் மட்டும், "இருங்கம்மா, பென்ஷன் கூடும்" என்றான். எனக்கு ஐம்பத்தேழு நடக்கிறது. நெஞ்சில் லேசாக வலித்தாலும் உன் முகம் வந்து நிற்கும். பாரத்தை நிரப்பி, வரும் ஜனவரி முதல் தேதி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று செரம்பான் சுகாதார அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் சின்ன வயது மலாய்ப் பெண். "காக், காரணத்தை எழுதவே இல்லையே. என்ன போடட்டும்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

பாரத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் கஷ்டம் இல்லை. வேலை அலுக்கவும் இல்லை. என் சிநேகிதி செத்துப்போனாள், எனக்குப் பயமாக இருக்கிறது. இதைத்தான் எழுத வேண்டும். நீ விட்டுப்போன அன்று உனக்குப் போக ஓர் இடம் இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஓடத்தான் பார்த்திருக்கிறேன்.

"இன்னும் மேலே அனுப்பலையே? திரும்ப எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம், காக். யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சிட்டேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் நாளிதழை மடித்து வைத்தார். "அப்ப அறுபதா?"

"அறுபதுதான்."

"அது வரைக்கும் நான்தான் சமைக்கணுமா?"

"ஆமா."

"சரி, ரசம் எப்படி வைக்கிறதுன்னு ஒரு தாள்ல எழுதி வை" என்றார்.

நீ போன வழியில் நான் வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்காது, எனக்குத் தெரியும். எதற்காகப் போகிறோம் என்று நீ உன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வியைத்தான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அறுபது வரும்போது மறுபடி கேட்டுக்கொள்வேன். நான் போகவேண்டிய இடத்தை அப்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஊசி போடும் நாள். பதினொரு குழந்தைகள் வருகிறார்கள். அவர்களில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர், யார் யார் என்று அவர்களுடைய அம்மாவுக்கே குழப்பம். எனக்குத் தெரியும்.