ஒரு மணி வரைக்கும் கடல் எங்களுடையது

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே குளிரில் சுகமாக இருக்கிறீர்களா? பயலுக்குச் சளி விட்டதா? அத்தை புதுப் பல் கட்டிக்கொண்டு யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறாள், தோட்டத்து ரோஜா இந்த வருஷம் சுமார்தான், இதெல்லாம் இருக்கட்டும். நம் ஊரில் பெரிய சண்டை ஒன்று நடந்து முடிந்தது, அதில் உன் அம்மா ஜெயித்துவிட்டாள், அதைச் சொல்லத்தான் இன்றைக்குச் சமையலைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் சூப்பர் மார்க்கெட் ஞாயிறு என்றால் மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும், ஆறு மணிக்கு மூடிவிடும், பெரிய கடைகளுக்கெல்லாம் அதுதானே சட்டம். அந்தக் காலை நேரத்தில்தான் கடையில் வேலை பார்க்கும் நாங்கள் ஐந்து பேரும் கடலில் துடுப்புப் படகு ஓட்டுகிறோம். பில் போடும் நான், ரொட்டிப் பகுதி புரோனா, மீன் பகுதியில் இருக்கும் இரட்டைச் சகோதரிகள், சுக்கான் பிடிக்கக் கணக்குப் பிரிவு பிரைடி. வாரத்தில் மற்ற எந்த நாளிலும் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்காது, ஆளுக்கொரு ஷிப்ட். புரோனா கத்தோலிக்கப் பெண், சனிக்கிழமை சாயங்காலமே பூசைக்குப் போய்விடுவாள், நான் ஞாயிறு மாலை ஆராதனைக்குப் போகிறேன். அதற்கே போதகர் நெஸ்பிட் என்னைப் பார்த்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், ஓய்வுநாளில் துடுப்பு என்ன வேண்டியிருக்கிறது என்று.

வசந்தத்தில் கவுன்சிலர் மேர்வின் ஒரு யோசனையோடு கிளம்பினார். நம் ஊரைச் சுற்றுலா ஊர் என்று கவுன்சில் அறிவித்துவிட்டால் கோடை ஞாயிறுகளில் பெரிய கடைகள் காலை ஒன்பது மணிக்கே திறக்கலாமாம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். முதல் தெருவில் முதல் கையெழுத்துப் போட்டது யார் என்று நினைக்கிறாய்? உன் அப்பா! அவருக்கு ஞாயிறு காலை எங்கள் கடை சாசேஜ் பொரித்துத் தின்ன வேண்டும், காலையிலேயே திறக்கிற தெருமுனைச் சின்னக் கடை சாசேஜ் ரப்பர் மாதிரி இருக்கிறதாம். "ஒரு மணி வரைக்கும் காத்திருந்து தின்னா அது காலைச் சாப்பாடா மதியச் சாப்பாடா?" என்று நாலு வருஷமாகப் புலம்புகிற மனிதர் அல்லவா. "என் பொண்டாட்டி வேலை பாக்குற கடையில எனக்கே சாசேஜ் இல்லையா?" என்று மேர்வினிடம் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். ஒரு வாரம் ஒரே மேஜையில் இரண்டு தனித்தனித் தேநீர்ப் பானை.

கடையிலும் எல்லோரும் ஒரே மனது இல்லை. ஷானன் என்று ஒரு பெண், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள், என்னிடம் நேராகவே சொன்னாள்: "உங்களுக்குப் படகு வேணும் ஐவி, எனக்கு வேலை நேரம் வேணும். உங்க கடலை வெச்சு நான் வாடகை கட்ட முடியுமா?" அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் காலை ஒன்பது மணி என்று ஆகிவிட்டால் விரும்பினவர்கள் மட்டும் வருவதாகவா இருக்கும்? கிறிஸ்துமஸ் சமயத்தில் "விருப்பம் இருந்தா வாங்க" என்று சொல்லிவிட்டு வராதவர்களுக்கு அடுத்த மாதம் எப்படி ஷிப்டைக் குறைத்தார்கள் என்று நாங்கள் பார்த்தோமே.

போன செவ்வாய் மாலை ஊர் மன்றத்தில் கூட்டம். உட்கார இடமில்லை, ஜன்னல் மேடையிலெல்லாம் ஆட்கள். எங்கள் மேனேஜர் இரண்டாம் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேர்வின் எழுந்து, "யாரையும் கட்டாயப்படுத்தப் போறதில்லை. ஞாயித்துக்கிழமை காலையில இந்த ஊரு செத்துக் கிடக்கு. உயிரோட இருக்கிறவங்க யாராவது இருந்தா காட்டுங்க பாப்போம்!" என்றார். அதற்குச் சிரிப்பு வேறு. பிறகு கூட்டத் தலைவர், கடையில் வேலை செய்பவர்கள் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். மேனேஜரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒருத்தரும் அசையவில்லை. புரோனா என் விலாவில் முழங்கையால் இடித்தாள். "நீ போ," என்றேன். "எனக்கு வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான் வரும், நீதான் போகணும்," என்றாள்.

எழுந்துவிட்டேன் லோர்னா. வேலை போனாலும் போகும் என்றே நினைத்தேன். எழுதி வைத்திருந்த பேச்சை மறந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மேர்வின், ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஒரே ஒரு பூனைத் தீனி டப்பாவுக்காக ஓடி வர்றது யாருன்னு எனக்குத் தெரியும். சிரிச்ச முகமாத்தான் பில் போடறேன், இனியும் போடுவேன். ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் நாங்க உங்களோட ஆளு. ஒரு மணி வரைக்கும் மட்டும் எங்களை விட்டுடுங்க. நாங்க செத்துக் கிடக்கல, கடல்ல இருக்கோம். நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாலயே போயிடறோம், அதான் தெரியலை!" மன்றமே அதிர்ந்தது. பூனைத் தீனிக்காரர் முகம் சிவந்தது.

நான் உட்காரும்போது பின்னாலிருந்து நாற்காலி இழுக்கும் சத்தம். திரும்பினால் உன் அப்பா நிற்கிறார், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. என் உயிரே போய்விட்டது. கல்யாணப் பந்தியில்கூட நாலு வார்த்தை பேசாத மனிதர், இப்போது சாசேஜ் வழக்கை ஊர் முன்னால் வைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் மேர்வினோட தாள்ல கையெழுத்துப் போட்டவன். அதை அடிச்சுடுங்க. எங்க பொண்ணு நியூசிலாந்துக்குப் போன அந்த வருஷம் பூரா இவ ஞாயித்துக்கிழமையானா சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடப்பா. டீ கொண்டுபோய் வெச்சா ஆறிப்போய் அப்படியே இருக்கும். இப்போ துறைமுகத்துலேர்ந்து மேடு ஏறி வரும்போதே பாட்டுச் சத்தம் கேக்குது. நல்ல குரல் இல்லை. ஆனா கேக்குது. சாசேஜை சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கலாம். நாலு வருஷமா எனக்கு அது தோணலை."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்தவர்கள் பாதி, மூக்கைத் துடைத்தவர்கள் பாதி. எனக்கு இரண்டும். அவர் கவனித்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை, அந்த ஆறிப்போன டீயையும், பாட்டையும். நீ இதைப் படித்துவிட்டு மனதில் ஏதும் வைத்துக்கொள்ளாதே கண்ணே, நீ போக வேண்டிய இடத்துக்குத்தான் போனாய். எனக்குத்தான் எழுந்திருக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு போதகர் நெஸ்பிட் எழுந்தார். கடையும் கூடாது, படகும் கூடாது என்றுதான் தொடங்கினார், ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் படகில் போகிறவர்கள் மாலை ஆராதனைக்காவது வருகிறார்கள் என்று முடித்தார். கத்தோலிக்கப் புரோனா எங்கள் பிராட்டஸ்டன்ட் போதகருக்குக் கைதட்டினாள்! அவளுடைய அப்பா இருந்து அதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். கவுன்சிலர்கள் கை தூக்கியபோது எதிராக ஒன்பது, ஆதரவாக ஏழு. விழுந்தது மேர்வின் தீர்மானம்! பிரைடி யாரென்றே பார்க்காமல் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள், அது எங்கள் மேனேஜர். மனிதர் என்ன செய்வார், அவரும் சிரித்துவிட்டார். மறுநாள் என் கல்லாப் பக்கம் வந்து, "உங்க படகுல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கா?" என்று காதோடு கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.

ஷானன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் மேனேஜரிடம் போய் என் வியாழன் மாலை ஷிப்டை அவளுக்கு மாற்றித் தரச் சொன்னேன், இந்த வயதில் எனக்கு அது இல்லாமல் முடியும். "இதனால எல்லாம் சரியாயிடாது," என்றாள். ஆகாது என்று நானும் சொன்னேன். ஆனாலும் நேற்று குழந்தையின் புதுப் படத்தை எடுத்துக் காட்டினாள்.

இந்த ஞாயிறு நாங்கள் படகை இறக்கியபோது அலைதாங்கிச் சுவரின் மேல் ஊரே நின்றது. கடலும் எங்களுக்கென்றே தட்டுப் போல் கிடந்தது. கலங்கரை விளக்கைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது எல்லோரும் கைதட்டினார்கள், உன் அப்பா சுவர்மேல் ஏறி நின்று தொப்பியைச் சுழற்றினார், அந்த முழங்காலோடு! ராணி மாதிரி கரைக்கு வந்தேன், என்னவென்று நினைத்தாய்.

பயலுக்குக் காதை மூடித் தொப்பி போடு. இரவில் தனியாக வண்டி ஓட்டினால் டயரைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே: நீ அங்கே தூங்கப் போகுமுன் எங்கள் ஞாயிறு காலையில் போன் பண்ணுகிறாயே, அதற்காக இத்தனை நாள் படகைப் பாதியில் திருப்பிக்கொண்டு ஓடி வந்தேன், இனி அதைத் திங்களுக்கு மாற்றிக்கொள். ஞாயிறு காலை அம்மா வீட்டில் இருக்க மாட்டாள்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா
ஐவி