இலையில் உப்பு பார்த்தவர்கள்

நைனா,

இன்று காலை கொல்லையில் பாகல் இலை ஒன்றைக் கிள்ளி நக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் பார்த்துவிட்டாள். கல்யாணமாகி இப்போதுதான் வந்திருக்கிற பெண். மிரண்டுபோய் என் மனைவியிடம் ஓடிவந்து சொல்லியிருக்கிறாள். "பயப்படாதம்மா, அது கடிக்காது, நக்க மட்டுந்தான் செய்யும்" என்று என் தர்மபத்தினி ஆறுதல் சொன்னது சமையலறை ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. என் மரியாதை அந்த வீட்டில் இனி எழுந்திருக்காது. இருக்கட்டும். நாக்கில் அந்தக் கசப்பு பட்டதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள்.

யுத்தம் முடிந்த புதிதில்தானே நம் சபை கூட ஆரம்பித்தது? ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே, அதே டீக்கடை பெஞ்சு. துறைமுகத்துக் கிரேன் வேலைக்கு எண்ணூரிலிருந்து ரயிலில் வருவீர்கள் நீங்கள், வயதில் மூத்தவர், அதனால் எங்கள் எல்லோருக்கும் நைனா. அதே ரயிலில் திருவொற்றியூரில் கூடையோடு ஏறுவாள் கீரைக்கார அக்கா. வண்ணாரப்பேட்டையில் பழைய தகரச் சாமான் கடை வைத்திருந்த பாய், மொட்டை மாடியில் ரோஜா வளர்க்கிறவர், சைக்கிளில் வருவார். உள்ளூர்க்காரன் நான் ஒருவன்தான்: கப்பல் சரக்கு ஆபீஸ் கிளார்க், கொல்லையில் வெண்டையையும் வீண்பெருமையையும் பயிரிட்டவன்.

ஆளுக்கு ஓர் இலை அவரவர் தோட்டத்திலிருந்து சட்டைப் பையில் வரும். அக்காவின் இலை மட்டும் முந்தானை முடிச்சில் வரும். கைமாற்றி நக்கிப் பார்ப்போம். உப்புக் கரித்தால் முந்தின நாள் கடல் காற்று அந்தப் பக்கம் கடுமை. கரிக்காவிட்டால் மழை கழுவிவிட்டது என்று அர்த்தம். தன் பக்கம் மழை பெய்தவர் மற்றவர்களுக்கு டீ வாங்கித் தரவேண்டும். சட்டம் போட்டது நீங்கள். "உனுக்கு மானத்துலேர்ந்து வந்துச்சி, எங்குளுக்கு வரல. அப்ப நீ ஊத்து" என்றீர்கள்.

கிட்டக்கிட்ட இருக்கிற நாலு ஊர்களுக்கு நாலு வானம் என்பது எனக்கு அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. சித்திரையில் எல்லோருடைய இலையும் ஊறுகாய். ஆடியில் எங்களுக்கெல்லாம் மேல்காற்றுப் புழுதி. பாய் மாடிக்கு மட்டும் சாயங்கால இடிமழை. அந்த மாதம் முழுக்க மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீ வாங்கித் தருவார். மார்கழியில் இலை ஈரம் பனியா தூறலா என்று சண்டை. ஒருநாள் மழை பெய்ததை மறைக்க நான் என் வெண்டை இலையில் உப்புத் தடவிக் கொண்டுவந்தேன். அக்கா ஒரே நக்கு. "இன்னா கிளார்க்கு, இது கடல் உப்பு இல்ல, உன் பொஞ்சாதி ஜாடி உப்பு. நாலு டீ சொல்லு, பன்னும் சொல்லு."

உங்களிடம் இருந்த தோட்டம் எங்கள் மூன்று பேருடையதையும் சேர்த்தாலும் பெரிது. உப்பங்கழி ஓரத்துக் குத்தகை மணலில் பாகல், அவரை, ஒரு வரிசை குண்டுமல்லி. உங்கள் மனைவி, எங்கள் அண்ணி, காலமான பிறகு உங்களுக்கு ஸ்டேஷன் பக்கத்து ஒற்றை அறையும் அந்தத் தோட்டமும்தான். நிலத்துக்காரர் அதை ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் பேசிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது பாய்க்குப் பதறிவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். "அளவுக் கல்லுதானே நட்டுகினு போயிருக்கானுங்கோ? அது மொளைக்கறதுக்குள்ள நான் ஒரு காய்ப்பு பாத்துடுவேன்."

ஆனால் உங்கள் பயம் எங்களுக்குத் தெரியும். கோயில் மரத்து இலையைக் கிள்ளிக்கொண்டு சபையில் சேரவந்த ஒருவரை, "சொந்தமா ஒரு செடி இல்லாதவனுக்கு இங்க இன்னா வேலை?" என்று எழுப்பி அனுப்பியவர் நீங்கள்தானே? தோட்டம் போனால் உங்களுக்குப் பெஞ்சும் போகும். போட்ட சட்டம் அப்படி.

ஐப்பசிக்கு முன்பே தோட்டத்தைச் சுற்றித் தொழிற்சாலை வேலி வந்துவிட்டது. நீங்கள் சொல்லவில்லை. ஒருநாள் பாகல் இலைக்குப் பதில் பூவரச இலை வந்தது. "கொடி ஓஞ்சிபோச்சி மாமு. இது நம்ம வேலி ஓரத்துது" என்றீர்கள். நக்கினேன். உப்பில்லை, ரயில் கரி.

நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் அக்கா என் காதருகே வந்தாள். "ஸ்டேஷன் மரத்துலேர்ந்து பறிக்கிறத நானே பாத்தேன். எல்லாம் போச்சி, பாவம். நீ வாயத் தொறந்த, இந்தக் கீரைக்கட்டாலயே சாத்துவேன்."

என்னிடம் காலையில் சொன்ன விஷயம் மாலைக்குள் மாத்தூர் போய்விடும் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தச் செய்தியை மட்டும் மென்று விழுங்கினேன், கரியோடு சேர்த்து. "நேத்து கடல் காத்து பலம் போலருக்கே நைனா" என்றேன். பாயும் நக்கிவிட்டு, "அல்லா! இன்னா உப்பு, இன்னா உப்பு" என்றார். அவர் நாக்கு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. இப்படியே பல நாட்கள். இல்லாத தோட்டத்தின் வானிலையை நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் நம்பினோம், கறுத்த நாக்குகளோடு.

பிறகு ஒரு நாள் எண்ணூரிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை ஒரே மழை. நாலு இலையும் சுத்தம். எல்லோரும் டீ வாங்கவேண்டும், வாங்கிக் குடிக்க ஆள் இல்லை. பாய் சிரிக்க ஆரம்பித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. இலையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

"மழை பேஞ்சிது மாமு. என்னுதுன்னு சொல்லத்தான் எடம் இல்ல."

நீங்களே தொடர்ந்தீர்கள். "நீங்கள்லாம் கரிய நக்கிட்டு உப்புன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும், உங்குளுக்குத் தெரிஞ்சிபோச்சின்னு. நான் வரேன்."

"எங்க வர்ற? குந்து!" என்று அக்கா போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரரே உட்கார்ந்துவிட்டார். "சட்டம் பேசுறியா எங்கிட்ட? சொந்தமா ஒரு செடி, அவ்ளோதானே? எத்தினி செடின்னு சொல்லலியே!" பாய் தன் கடையிலிருந்து இரண்டு மண்ணெண்ணெய் டின் தருகிறேன் என்றார். மண் நான் கொண்டாறேன் என்றாள் அக்கா. மறுநாள் கீரைக்கூடையில் மண்ணைச் சுமந்து வந்தாள். இடம் என் கொல்லைச் சுவரோரம். நீங்கள் வேட்டி மடிப்பை அவிழ்த்தீர்கள். உள்ளே பாகல் விதைகள். வேலி வந்த நாளிலிருந்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள்.

அதன் பிறகு முந்தின ரயிலில் வந்து தண்ணீர் ஊற்றினீர்கள். எங்கள் வீட்டுக் காப்பியைக் குறைசொன்னீர்கள். ஒரே கொல்லையில் நின்றுகொண்டு, "உன் பக்கம் தூறல்தான் மாமு, என் டின்னுல செம மழை" என்று டீ வாங்கித் தரச் சண்டை போட்ட ஒரே மனிதர் நீங்கள்தான். அப்போதுதான் புரிந்தது, மழை பெய்தவர் என்று சொல்லிக்கொள்வதில் உங்களுக்கு எத்தனை சந்தோஷம் என்று.

ஒரு மாசியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். டின்கள் துருவேறி ஓட்டையாகிவிட்டன. உதிர்ந்த விதையில் மறுபடி முளைத்த கொடி மட்டும் சுவரைத் தாண்டி அந்தப் புது மருமகள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. அவள் என்னைப் பார்த்ததற்குக் காரணமே அதுதான்.

நேற்று ராயபுரத்தில் மட்டும் மழை, நைனா. வெண்டை இலை ஒன்றும் உங்கள் பாகல் இலை ஒன்றும் பையில் போட்டுக்கொண்டு இன்று பெஞ்சுக்குப் போனேன். அக்கா இரண்டையும் நக்கினாள். கொஞ்ச நேரம் ரயில் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனாவுக்கும் பேஞ்சிகீது. அப்ப அவரும் டீ வாங்கணும்ல?"

"அவரு டின்னு கிளார்க்கு வூட்டுலதானே கீது" என்றார் பாய். "ரெண்டு பேர் டீயையும் கிளார்க்கே குடுக்கட்டும்."

கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள், பாவிகள். இரண்டாவதை மட்டும் மெதுவாகக் குடித்தார்கள். நானும்தான். பாகல் கசப்பு போகவில்லை. போகவேண்டாம் என்று சர்க்கரையும் கேட்கவில்லை.