பரிசலில் இருந்தவர்

மணிமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் எழிலரசிக்கு,

அப்பா தாண்டவராயன் எழுதுவது. நானும் அம்மாவும் எங்களுக்கு முன்பே புது வீட்டில் குடியேறிவிட்ட பல்லியும் இங்கே நலம். ஓசூரில் நீங்கள் நலமா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் கையெழுத்து, மேடு பள்ளம் இருக்கும். பிடித்துக்கொண்டு படி.

புதுமனை புகுவிழா நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் பந்தியில் வடை தீர்ந்துபோனதற்கு, முதல் பந்தியில் நான் உட்கார்ந்ததுதான் காரணமாம். அம்மா சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

ஹாலில் மாட்டச் சொல்லி நீ எடுத்து அனுப்பிய ஒகேனக்கல் போட்டோவை, படப்பையில் பேனர் அடிக்கிற சாம்சனிடம் கொடுத்து டிஜிட்டல் ஓவியமாக மாற்றச் சொன்னேன். கம்ப்யூட்டரில் அவன் இழுக்க இழுக்க, பாறை இடுக்கெல்லாம் தூரிகையால் தீட்டியதுபோல ஆனது. நானும் பெரிய ஓவியன் கணக்காகப் பக்கத்தில் நின்று, ஆற்றுக்கு இன்னும் நீலம், இன்னும் நீலம் என்றேன். கடைசியில் காவிரி சொட்டு நீலம் கலந்த வாளி மாதிரி ஆகிவிட்டது.

அப்போது பள்ளத்தாக்கின் அடியில், பரிசலில் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு கையாட்டும் ஒருவரைச் சாம்சன் பெரிதாக்கினான். "யாருண்ணே இது, தெரிஞ்ச மூஞ்சா?" என்றான். மாரிராஜ்தான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ கட்டிக்கொண்ட தெற்கத்திப் பையன். சொந்தபந்தம் வந்து நிற்கும்போது யார் எவர் என்று கேட்பார்களே என்று, "தெரியாதுப்பா, எடுத்துடு" என்றேன். பரிசலோடு எடுத்துவிட்டான்.

விழாவன்று உன் அத்தை தாயாரம்மாள் படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாடா, நம்ம ஏரியில மண்ணு அள்ன பள்ளத்த படம் புட்ச்சி மாட்டிக்கினு கீற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரிதான். பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் அந்தப் பாறை எத்தனை உயரம் என்று யாருக்குத் தெரியும்?

குடும்ப குரூப்பில் படத்தைப் பார்த்து நீ ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டாய். பிறகு ஒன்றுமில்லை. திட்டியிருந்தால் நாலு ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன். கட்டைவிரலுக்கு என்ன பதில் சொல்வது?

நீ அனுப்பிய போட்டோவை போனில் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். சுற்றிலும் அவ்வளவு பெரிய மலை, அவ்வளவு தண்ணீர். அவர் எதையும் பார்க்கவில்லை. தொங்குபாலத்தில் நின்று போட்டோ எடுக்கிற உன்னைத்தான் பார்க்கிறார். உன்னை அப்படிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் நானும் இத்தனை வருடம் வரன் தேடினேன்.

மறுபடி அவரைச் சேர்த்துப் புதுசாக அடித்துத் தருவதாகச் சாம்சன் சொன்னான். விழாவிலிருந்து வடையைத் தவிர வேறெதுவும் என்னோடு பேசாத அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "படத்துல ஒட்ட வெச்சா ஆச்சா? வூட்டுக்குக் கூப்டுய்யா" என்றாள்.

கூப்பிடுகிறேன். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். கிடைக்கும்போது வாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உறையின் மேல் அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை பிரித்திருந்தால், முதலில் அவரே படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கட்டும்.

இருவரும் நெடுங்காலம் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா